பல்லுக்கு ஒரு கவசம்

தில்லிக்குப் பிழைக்க வந்த நம் மக்கள் பலர் பல்வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் கிராம்பு வைத்து வலியை அடக்குகிறார்கள். வலி முற்றியதும், “பிடுங்கிவிடுங்கள்” என்கிறார்கள்.

ஆனால் சொத்தைப் பல்லை எல்லாம் பிடுங்க வேண்டியதில்லை. பல பற்களைக் காப்பாற்றலாம். அதற்கு உதவுவதுதான் கேப். மருத்துவர்கள் இதைக் ‘கிரவுன்’ என்பார்கள். பலம் குறைந்த பல்லை மூடிக் காக்கும் கவசம் இது.

எப்போது கேப் தேவை?

சொத்தை சிறியதாக இருந்தால் கேப் வேண்டாம். சொத்தையைச் சுரண்டி எடுத்துக் குழியை அடைத்தால் போதும். பல்லின் பெரும்பகுதி அரித்துப் போனால் அடைப்பு நிற்காது. அப்போது கேப் வேண்டும். பல் உடைந்தாலும், விரிசல் விட்டாலும் கேப் உதவும்.

சொத்தை நரம்பு வரை போனால் வேர் சிகிச்சை செய்வார்கள். இதைத்தான் ‘ரூட் கெனால்’ என்கிறோம். கெட்டுப்போன நரம்பை எடுத்து, உள்ளே சுத்தம் செய்து அடைப்பார்கள். வலி நின்றுவிடும். ஆனால் பல் பலம் குறைந்திருக்கும். முறுக்கைக் கடித்தால்கூட இரண்டாகப் பிளக்கலாம். அதனால்தான் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்த பிறகு பெரும்பாலும் கேப் போடச் சொல்கிறார்கள். வலிதான் போய்விட்டதே என்று பலர் திரும்பிப் போவதில்லை. பிறகு பல் பிளந்துவிட்டால், செய்த செலவும் வீண், பல்லும் வீண்.

கேப்பில் என்னென்ன வகை?

1. எஃகு கேப்: குழந்தைகளின் கடைவாய்ப் பால் பல்லுக்குப் போடுவது. பல அளவுகளில் தயாராகக் கிடைக்கும்.

2. உலோகக் கேப்: பெரியவர்களின் கடைவாய்ப் பல்லுக்கு ஏற்றது. நன்றாக உழைக்கும். விலையும் குறைவு. சிலவற்றில் நிக்கல் கலந்திருக்கும். கவரிங் நகை போட்டால் அரிப்பு வருபவர்கள் இதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

3. தங்கக் கேப்: சுத்தத் தங்கம் மென்மையானது. எனவே வேறு உலோகங்களைக் கலந்து செய்வார்கள். நீண்ட நாள் உழைக்கும். விலை அதிகம்.

4. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்: பல்லின் நிறத்தில் இருக்கும். பீங்கான் சில சமயம் சில்லு பெயரும். நாளடைவில் ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியலாம்.

5. முழுப் பீங்கான் கேப்: இயற்கைப் பல் போலவே இருக்கும். முன்பல்லுக்கு ஏற்றது.

6. சிர்கோனியா கேப்: வெள்ளை நிறம். மிகவும் உறுதி. முன்பல், பின்பல் இரண்டுக்கும் போடலாம். விலை கூடுதல்.

விலை உயர்ந்ததுதான் நல்லது என்று நினைக்க வேண்டாம். சிரித்தால் தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு உலோகக் கேப்பே போதும்.

பால் பல்லுக்கும் கேப்பா?

தங்கை: அக்கா, என் மகனுக்கு 5 வயசு. கடைவாய்ப் பல் சொத்தை. டாக்டர் எஃகு கேப் போடணும்னு சொல்றாங்க. விழப்போற பல்லுக்கு எதுக்குச் செலவு? பிடுங்கிடலாமா?

அக்கா: அவசரப்படாதே. முன்பல்தான் 6, 7 வயசுல விழும். கடைவாய்ப் பால் பல் 10, 12 வயசு வரைக்கும் இருக்கணும். அதுவரைக்கும் பிள்ளை எதால மெல்லுவான்?

தங்கை: இப்பவே பிடுங்கினா வேற என்ன ஆகும்?

அக்கா: பக்கத்துப் பல் அந்த இடத்துல சாஞ்சிடும். புதுப் பல்லுக்கு இடம் பத்தாது. கோணலா முளைக்கும்.

தங்கை: அப்போ கேப்பை எப்ப எடுப்பாங்க?

அக்கா: எடுக்கவே வேண்டாம். பால் பல் விழும்போது அதுவும் சேர்ந்து விழுந்துடும்.

எப்படிப் போடுகிறார்கள்?

பெரியவர்களுக்கு முதலில் பல்லைச் சுற்றிலும் சீவுவார்கள். பிறகு அச்சு எடுப்பார்கள். அந்த அச்சைப் பார்த்துக் கேப் செய்வார்கள். அதுவரை தற்காலிகக் கேப் போடுவார்கள். சில நாள் கழித்துச் சரியான கேப்பை சிமெண்ட் வைத்து ஒட்டுவார்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று முறை போக வேண்டிவரும். கடிக்கும்போது கேப் உயரமாக இடித்தால் உடனே சொல்லுங்கள். சரிசெய்து தருவார்கள்.

யாரிடம் போவது?

தில்லி ஜும்மா மசூதிப் பக்கம் நடைபாதையில் உட்கார்ந்து பல் கட்டியவர்கள் உண்டு. செலவு குறைவு என்று நம்பிப் போவது ஆபத்து. சொத்தையை எடுக்காமல் மேலே மூடினால் உள்ளே சீழ் பிடிக்கும். முகம் வீங்கும். சுத்தம் செய்யாத கருவியால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் பரவலாம். 1948ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் பல் மருத்துவர் சட்டம் வந்தது. பல் மருத்துவர்கள் பதிவு செய்துகொள்ளும் முறையை அது கொண்டுவந்தது. பதிவு பெற்ற மருத்துவரிடமே போங்கள்.

தில்லி கேட் அருகே மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இது 1983ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய அரசு நிறுவனம். எய்ம்ஸ் மருத்துவமனையிலும் பல் மருத்துவ மையம் உண்டு. சிகிச்சைக்கு முன், “கேப்புக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா? எத்தனை முறை வர வேண்டும்?” என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

நினைவில் கொள்வோம்

கேப்புக்குச் சொத்தை வராது. ஆனால் அதன் அடியில் ஈறு ஓரத்தில் இருக்கும் பல்லுக்கு வரும். தினமும் இரண்டு முறை அங்கே நன்றாகத் துலக்க வேண்டும். அந்தப் பல்லால் கொட்டைப்பாக்கைக் கடிக்கக் கூடாது. கேப் கழன்றால் பத்திரமாக எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். கடையில் வாங்கிய பசையால் ஒட்டக் கூடாது.

பேசிப் பாருங்கள்

1. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கு ஏன் கேப் போடுகிறார்கள்?
2. கடைவாய்ப் பால் பல்லைச் சீக்கிரம் பிடுங்கினால் என்ன ஆகும்?
3. உங்கள் வீட்டில் யாருக்குப் பல்வலி இருக்கிறது? அவரை எப்போது மருத்துவரிடம் அழைத்துப் போகப் போகிறீர்கள்?