புள்ளிகளுக்கு இடையே

நம் நாட்டில் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்துவது மரபு. இந்திய மக்கள்தொகை 2001ஆம் ஆண்டில் 102.87 கோடி, 2011ஆம் ஆண்டில் 121.09 கோடி. அவ்வாறாயின், 2007ஆம் ஆண்டில் எத்தனை பேர் வாழ்ந்தனர்? அவ்வாண்டில் கணக்கெடுப்பு நிகழவில்லை. எனினும், பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் திட்டமிடுவோருக்கு அவ்வெண் தேவைப்படும். அறிந்த இரு மதிப்புகளுக்கு இடைப்பட்ட மதிப்பைக் கணித்தறியும் முறை இடைச்செருகல் எனப்படும்.

இதனைக் கணினியின் விரிதாளில் எளிதாகச் செய்யலாம். முதல் நிரலில் ஏ2, ஏ3 ஆகிய கட்டங்களில் ஆண்டுகளையும், அடுத்த நிரலில் பி2, பி3 ஆகிய கட்டங்களில் அவற்றிற்குரிய மக்கள்தொகையையும் இடுக. ஏ4 கட்டத்தில் 2007 என எழுதுக. பி4 கட்டத்தில் பின்வரும் வாய்பாட்டை இடுக:

=பி2+(பி3-பி2)*(ஏ4-ஏ2)/(ஏ3-ஏ2)

விடை 113.80 கோடி எனத் தோன்றும். பத்தாண்டுகளில் பெருகிய 18.22 கோடியுள் ஆறாண்டுகளுக்குரிய பங்கைத் தொடக்க மதிப்புடன் கூட்டியுள்ளோம். வரைபடத்தில் இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து, 2007க்கு நேரே உள்ள உயரத்தைக் காண்பதும் இதுவே.

இவ்விடையை எவ்வளவு நம்பலாம்? விடை தெரிந்த ஓர் ஆண்டைக் கொண்டு இம்முறையைச் சோதிப்போம். 1981இல் 68.33 கோடி, 2001இல் 102.87 கோடி. இவற்றைக் கொண்டு கணித்தால் 1991க்கு 85.60 கோடி கிடைக்கிறது. கணக்கெடுப்பு காட்டியதோ 84.64 கோடி. வேறுபாடு 96 இலட்சம் பேர்! பிற்பாதியில் பெருக்கம் மிகுந்ததால் உண்மை வளர்ச்சி மேல்நோக்கி வளைந்த கோடாக அமைந்தது. நேர்கோடு அதற்கு மேலே சென்றது. புள்ளிகளின் இடைவெளி மிகுந்தால் பிழையும் மிகக்கூடும்.

இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.21 கோடி மக்களும், 1921இல் 25.13 கோடி மக்களும் வாழ்ந்தனர். இவற்றை இணைக்கும் கோடு ஆண்டுதோறும் சிறிதளவே தாழ்கிறது. ஆனால், 1918இல் பரவிய நச்சுக்காய்ச்சலால் நம் நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பெருந்துயரின் சுவடு அக்கோட்டில் இல்லை.

எனவே, இம்முறையால் பெற்ற எண்ணை 'மதிப்பீடு' என்றே குறித்தல் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் கொள்ளைநோயோ பஞ்சமோ நேர்ந்ததா என்பதையும் ஆராய்ந்தறிதல் வேண்டும்.

சொற்பொருள்
விரிதாள் – கட்டங்களில் எண்களை இட்டுக் கணக்கிடும் கணினிச் செயலி
நிரல் – மேலிருந்து கீழாக அமைந்த கட்டங்களின் வரிசை
சுவடு – அடையாளம்

பயிற்சி
1. 1961இல் 43.92 கோடி, 1971இல் 54.82 கோடி. 1965ஆம் ஆண்டின் மக்கள்தொகையை விரிதாளில் மதிப்பிடுக.
2. 1911க்கும் 1921க்கும் இடையே வரையப்படும் நேர்கோடு எதனை மறைக்கிறது? ஐந்து வரிகளில் எழுதுக.
3. நேர்கோடு, வளைகோடு – இலக்கணக் குறிப்புத் தருக.
4. பிரித்து எழுதுக: அவ்வாண்டு, பெருந்துயர்.