செடி விளக்கு எரியவில்லையா?

கேள்வி: வீட்டுக்குள் செடிகளுக்காக மாட்டிய எல்.ஈ.டி. விளக்கு திடீரென எரியவில்லை. கோளாறு எங்கே இருக்கும்?

பதில்: செடி விளக்கு எரியாதபோது முதலில் அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் செருகினாலே தெரிந்துவிடும். அடுத்தது டைமர். மின்சாரம் போய் வந்தால் சுழல் டைமரின் நேரம் பின்தங்கிவிடும். எந்தப் பழுதும் இல்லாமலே விளக்கு அணைந்து கிடக்கும். டைமரை விலக்கி நேராகச் செருகிப் பார்ப்பது நல்லது. டிம்மர் குமிழையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம்.

இவை சரியென்றால் சந்தேகப்பட வேண்டியது டிரைவரை. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை எல்.ஈ.டி.க்கு ஏற்ற நேர்திசை மின்சாரமாக்கும் பெட்டி இது. பெரும்பாலும் எல்.ஈ.டி.க்கு முன்பே இதுதான் பழுதாகும். வெப்பத்தில் இதன் மின்தேக்கிகள் உலர்ந்துபோகின்றன, செடிக்குத் தெளிக்கும் நீர் இணைப்புகளை அரிக்கிறது. டிரைவர் நன்றாக இருந்தும் எரியாவிட்டால், தொடரிணைப்பில் ஏதோ ஓர் எல்.ஈ.டி. போயிருக்கலாம், ஒன்று அறுந்தால் அந்த வரிசையே இருண்டுவிடும். டிரைவரை மாற்றுவதென்றால், புது டிரைவரின் மில்லி ஆம்பியர் பழையதோடு ஒத்திருக்க வேண்டும், விளக்குக்குத் தேவையான வோல்ட்டும் அதன் வரம்புக்குள் வர வேண்டும். வாட்டை மட்டும் பார்த்து வாங்குவது தவறு.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டிரைவருக்குள் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். பெட்டியைத் திறப்பதும் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதும் எலக்ட்ரீஷியன் வேலை. சுவிட்சைப் போட்டதும் இ.எல்.சி.பி. (மின்கசிவுத் துண்டிப்பான்) விழுந்தால் மின்கசிவு இருக்கிறது என்று பொருள். அதைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளாமல் விளக்கை உடனே கழற்றிவிட வேண்டும்.