தாத்தாவிடம் ஒரு புயல் கேள்வி

மாணவர்களே, தமிழ்நாட்டிலிருந்து வந்து கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ குடியேறிய உங்கள் தாத்தா, "அது தனுஷ்கோடி புயலுக்கு முந்தைய வருஷம்" என்று காலம் சொன்னால் சிரித்துவிடாதீர்கள். அயர்லாந்தில் அப்படிப்பட்ட பேச்சு அரசாங்கத்திடமே எடுபட்டது. அங்கே 1839 ஜனவரி 6 இரவு பெருங்காற்று வீசிக் கிராமங்களைச் சாய்த்தது. 1909இல் 70 வயதானோருக்கு ஓய்வூதியம் வந்தபோது பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அந்த இரவு நினைவிருக்கிறது என்று சொன்னவர்களின் வயதை அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். (சிலர் கதைவிட்டிருக்கவும் கூடும்!)

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலையில் போனது. ஊர் மறுபடி எழவே இல்லை.

இத்தகைய நினைவுகளில் அறிவியலுக்கு உதவுவது எது? "அலை பனைமர உயரம்" என்பது பயத்தின் அளவு. அதை அப்படியே குறித்துக்கொள்ள முடியாது. காற்று வந்த திசை அப்படியல்ல. கூரை எந்தப் பக்கம் பறந்தது, மரம் எப்படி விழுந்தது என்பது மனத்தில் தங்கிவிடும். 1821இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் வீசிய புயலுக்குப் பின், வில்லியம் ரெட்ஃபீல்டு என்பவர் விழுந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் அவை வடமேற்கு நோக்கிக் கிடந்தன. தொலைவில் வேறோரிடத்தில் நேர் எதிராக. புயல் ஒரு பெரும் சுழல் என்று 1831இல் எழுதினார்.

"காற்று திடீரென நின்றது, பிறகு மறுபக்கமிருந்து அடித்தது" என்று ஒருவர் சொன்னால், புயலின் கண் அவர் தலைக்கு மேலே கடந்திருக்கிறது என்று பொருள்.

நம் கிள்ளானில் ஏன் இப்படி ஒரு கதை இல்லை? காற்றைச் சுழலவைப்பது பூமியின் சுழற்சி தரும் கொரியோலிஸ் விளைவு. தனுஷ்கோடி 9 பாகையில் இருக்கிறது, கிள்ளான் 3 பாகையில். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்த விளைவு தேய்ந்துவிடும். ஆனாலும் 2001 டிசம்பர் 27இல் 'வாமேய்' புயல் சுமார் 1.4 பாகையில் உருவாகி ஜொகூரில் கரையேறி, வானிலையாளர்களையே வியக்கவைத்தது.

விடியலில் நம் ஜன்னலை அறையும் 'சுமத்ரா' காற்று வேறு வகை. அது வரிசையாக நகரும் இடிமேகங்கள். சுழலும் இல்லை, கண்ணும் இல்லை.