கடிகாரத்தைக் கையோடு கொண்டு போ

அன்புள்ள நிலாவுக்கு,

அத்தை எழுதுவது. ஹாங்காங்கில் பயிற்சி முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை கையில் இருக்கிறது, மக்காவுக்குத் தனியாகப் போய்வரலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போ. "சூதாட்ட ஊருக்குப் பெண்பிள்ளை தனியாகவா?" என்று அண்ணன் என்னிடமும் கேட்டாயிற்று. அந்த ஊருக்குக் கூட்டமாகப் போவதில்தான் ஆபத்து அதிகம் என்று அவரிடம் சொன்னேன். "இன்னும் ஒரே ஆட்டம்" என்று பிடித்து உட்காரவைக்க, தனியாகப் போகிறவளுக்கு ஆள் கிடையாது. திரும்பும் கப்பலுக்கும் நேரம் குறித்திருக்கும். காசினோத் தொழில் மனிதர்களின் நேரத்தை வைத்தே நடக்கிறது. நேரம் குறித்துக்கொண்டு போகிறவரிடம் அதன் பாச்சா பலிக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

முதலில் பாஸ்போர்ட். இரண்டு ஊரும் சீனாவுக்குள்தான் என்றாலும் தனித்தனி நிர்வாகப் பகுதிகள். நடுவில் குடிநுழைவுச் சோதனை உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மக்காவில் 30 நாள்வரை விசா வேண்டாம். ஆனால் நீ ஹாங்காங்குக்குத் திரும்பும்போது அது புது நுழைவாகவே கணக்கு. உன்னிடம் இருக்கும் அனுமதி மறுபடி நுழையச் செல்லுமா என்று கிளம்புவதற்கு முந்தின நாளே பார்த்துவிடு.

கப்பல் ஷுங் வானில் இருக்கும் ஷுன் டாக் மையத்திலிருந்து புறப்படும். முத்தாற்றின் கழிமுகத்தைக் கடந்து சுமார் 60 கிலோமீட்டர். ஏறக்குறைய ஒரு மணி நேரம். வார இறுதியிலும் இரவிலும் கட்டணம் கூடுதல். திரும்பும் சீட்டையும் சேர்த்தே வாங்கு. மக்காவில் வெளித் துறைமுகம், தைப்பா என்று இரண்டு கப்பல் முனையங்கள் உண்டு. கம்பெனிக்கு ஏற்ப முனையம் மாறும் என்பதால், சீட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்து வை.

இந்தத் தடத்தில் 1970களில் ஓடத் தொடங்கிய ஜெட்ஃபாயில் கப்பலை வடிவமைத்தது விமானம் செய்யும் போயிங் கம்பெனி. கப்பலுக்கு அடியில், நீருக்குள், இறக்கைகள் இருக்கும். வேகம் ஏறியதும் அவை கப்பலின் உடலை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிடும். நீரின் உராய்வு குறைவதால் மணிக்கு 80 கிலோமீட்டர் அளவுக்கு ஓடும். இத்தனை அவசரம் எதற்கு? 1962இல் மக்காவின் சூதாட்ட உரிமை முழுவதும் ஸ்டான்லி ஹோவும் கூட்டாளிகளும் நடத்திய ஒரே நிறுவனத்துக்குப் போனது. ஹாங்காங்கிலிருந்து வரும் கடல்வழியை மேம்படுத்த வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. ஹோ பிறகு தொடங்கிய ஷுன் டாக் கம்பெனிதான் கப்பல்களை ஓட்டியது. சூதாட்டக்கூடத்தை வைத்திருந்தவர் கையில்தான் கூடத்துக்கு வரும் வழியும் இருந்தது. பயணத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு மணியும் மேசையில் செலவாகும் என்பது அவருக்குத் தெரியாதா?

இறங்கியதும் நட்சத்திர ஹோட்டல்களின் இலவசப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஏறாதே, காலையைப் பழைய ஊருக்குக் கொடு. நகரப் பேருந்துக்கு 6 பதாக்கா. மீதிச் சில்லறை தரமாட்டார்கள். பதாக்கா அந்த ஊர்ப் பணம். ஹாங்காங் டாலரையே எங்கும் வாங்கிக்கொள்வார்கள். மீதியாகப் பதாக்கா வந்தால் அங்கேயே செலவழித்துவிடு, ஹாங்காங்கில் அது கடைகளில் செல்லாது.

செனாடோ சதுக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கற்களை அலை அலையாகப் பதித்திருப்பார்கள். அங்கிருந்து நடந்தால் புனித பவுல் ஆலயத்தின் முகப்பு வரும். 1640இல் கட்டி முடித்த ஆலயம் 1835இல் தீக்கிரையானது. கருங்கல் முகப்பு மட்டும் நிற்கிறது. எல்லாரும் அதற்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீ படிக்கட்டில் உட்கார்ந்து மேலே பார். போர்ச்சுகீசியக் கப்பல், பலதலை நாகத்தை மிதிக்கும் மாதா, பக்கத்தில் சீன எழுத்து. செதுக்கியவர்களில் தாய்நாட்டில் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஜப்பானியக் கிறிஸ்தவர்களும் உண்டு. தனியாகப் போவதன் லாபம் இதுதான்: எத்தனை நேரம் அண்ணாந்து பார்த்தாலும் "போகலாமா?" என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

போர்ச்சுகீசியர் இங்கே குடியேறியது 1557இல். ஊரைச் சீனாவிடம் ஒப்படைத்தது 1999 டிசம்பரில். 1844 வரை மக்காவின் நிர்வாகம் கோவாவுக்குக் கீழே இருந்தது. அந்த உறவின் தடயம் பாரா பகுதியில் இருக்கிறது: கோவாவிலிருந்து காவல் பணிக்கு வந்த இந்தியப் படைப்பிரிவுக்காக 1874இல் கட்டிய மூரிஷ் படைவீடு. வளைவுகளோடு மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கும் அந்த நீண்ட கட்டடம், 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மக்காவ் வரலாற்று மையத்தின் ஒரு பகுதி. அருகிலேயே கடலோடிகளைக் காக்கும் அ-மா அம்மன் கோயில், போர்ச்சுகீசியர் வருவதற்கு முன்பே இருந்தது. சுருள் சுருளாக ஊதுவத்தி தொங்கும்.

பசித்தால் சிறு கடைகளுக்குள் போ. ஒற்றை ஆளை அந்நியரோடு ஒரே மேசையில் உட்காரவைப்பது அங்கே வழக்கம், தயங்காதே. கோவா, ஆப்பிரிக்கா, மலாக்கா என்று கப்பல் தொட்ட இடங்களின் மசாலா எல்லாம் கலந்த சமையல் அது. ஆப்பிரிக்கக் கோழி என்ற குழம்பில் தேங்காயும் மிளகாயும் நாக்குக்குத் தெரியும். முட்டை டார்ட்டையும் விட்டுவிடாதே. மக்காவில் அதைப் பிரபலமாக்கியவர் 1989இல் கொலோவானில் கடை திறந்த ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர்.

சாயங்காலம் பாரா நிலையத்தில் சிறு ரயிலில் ஏறினால், பாலத்தின் கீழ்த்தளம் வழியாகக் கடலைக் கடந்து கொத்தாய் பக்கம் போய்விடலாம். தைப்பா, கொலோவான் என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் கொத்தாய். 2007இல் திறந்த வெனிஷியனில் கட்டடத்துக்குள்ளேயே கால்வாய் ஓடும், படகோட்டி பாடுவார். மேலே கூரையில் வானம் வரைந்திருக்கும். அந்த வானத்தில் எப்போதும் ஒரே பொழுதுதான்.

சூதாட்டக்கூடத்துக்குள் 21 வயது நிரம்பியவர்களை மட்டுமே விடுவார்கள். உனக்கு ஆகிவிட்டது, பாஸ்போர்ட் கேட்டால் காட்டு. நுழைவுக் கட்டணம் இல்லை, படம் எடுக்கக் கூடாது. உள்ளே சுவர்களைப் பார். ஜன்னல் இருக்காது, கடிகாரம் இருக்காது. ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

மக்காவின் முக்கிய ஆட்டம் பக்கரா என்ற சீட்டாட்டம். பேங்கர், பிளேயர் என்று இரண்டு பக்கம். எது வெல்லும் என்று பந்தயம் கட்டவேண்டும். பேங்கர் பக்கம் கட்டினால், வெற்றிக்கு 5 சதவீதக் கமிஷன் போக, நீண்ட கணக்கில் கூடத்துக்கு நிற்பது 1.06 சதவீதம், பிளேயர் பக்கம் 1.24. இரண்டும் சமமாகும் என்று கட்டினால் எட்டு மடங்கு தருவார்கள், ஆனால் கூடத்தின் பங்கு 14 சதவீதத்தைத் தாண்டும். அதிகம் ஆசை காட்டும் பந்தயம்தான் அதிகம் விழுங்கும்.

நூற்றுக்கு ஒரு டாலர்தானே என்று தோன்றும். 300 டாலர் வீதம் ஒரு மணியில் 60 ஆட்டம் கட்டினால், கட்டிய தொகை 18,000. அதில் கூடத்தின் பங்கு சுமார் 190 டாலர். ஆளைப் பொறுத்தவரை இது சராசரிதான். ஒருவர் ஆயிரக்கணக்கில் ஜெயிப்பார், இன்னொருவர் தோற்பார். கூடத்துக்கோ மேசைகள் ஏராளம், இரவு பகல் ஓடுகின்றன. ஆட்டங்களின் எண்ணிக்கை கூடக் கூட, அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் கரைந்து அந்த ஒரு சதவீதம் உறுதியாகிவிடும். அதனால் நீ ஒரு கை ஜெயிப்பது அவர்களுக்குக் கவலையே இல்லை; நீ எழுந்து போவதுதான் கவலை. கடிகாரம் ஏன் இல்லை என்று இப்போது புரிகிறதா?

மேசையருகே முந்தைய ஆட்டங்களின் முடிவுகளைச் சிவப்பு, நீல வட்டங்களாகக் காட்டும் பலகையைப் பார். ஆட்களும் தாளில் குறித்துக்கொண்டிருப்பார்கள். போன ஆட்டத்தை வைத்து அடுத்த ஆட்டத்தைச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் அந்தத் தகவலை இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

இப்படிச் சேர்ந்த சில்லறைதான் அந்த ஊர். ஹோவின் ஒற்றை உரிமை போய்ப் புதுக் கம்பெனிகள் வந்த சில ஆண்டுகளில், 2006இலேயே, சூதாட்ட வருமானத்தில் லாஸ் வேகாஸின் காசினோச் சாலையை மக்காவ் முந்தியது. 2013இல் சுமார் 36,000 கோடி பதாக்கா. அந்தச் சாலையின் வருமானத்தைப் போல ஏழு மடங்கு. அரசின் வருவாயில் பெரும்பங்கு இதிலிருந்து வருகிறது. அதிலிருந்து ஊர்வாசிகளுக்கு ஆண்டுதோறும் ரொக்கம் தருகிறார்கள், பள்ளிக் கல்வி இலவசம். ஆனால் அதே அரசு தன் ஊழியர்களைக் காசினோவில் விளையாட விடுவதில்லை. சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாள் மட்டும் விலக்கு. 2019 கடைசியிலிருந்து, காசினோவில் வேலை செய்பவர்களும் வேலை நேரம் தவிர உள்ளே நுழையக் கூடாது. கூடத்தை உள்ளிருந்து அறிந்தவர்களுக்கே தடை. அதை விட நல்ல புத்திமதி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆடாமல் வேடிக்கை பார்ப்பதில் தவறில்லை. ஆடித்தான் பார்ப்பேன் என்றால், சாப்பாட்டுக்குச் செலவழிப்பது போல ஒரு தொகையை ஒதுக்கி, கார்டைத் தொடாமல், அது தீர்ந்ததும் எழுந்துவிடு. பணம் மாற்றித் தருகிறேன் என்று அருகில் வருபவரிடம் பேச்சே வேண்டாம். சூதாட்டத்துக்காகச் சட்டவிரோதமாகப் பணம் மாற்றும் தொழில் 2024 அக்டோபரிலிருந்து அங்கே குற்றம்.

கப்பல் நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் முனையத்தில் இரு. வரிசை நீளமாக இருக்கும். புயல் எச்சரிக்கை எண் 8 ஏற்றினால் கப்பல் ஓடாது, அன்று போகாதே. கடைசிக் கப்பலைத் தவறவிட்டால் பதறாதே. 2018இல் திறந்த 55 கிலோமீட்டர்க் கடல்பால வழியில் இரவு முழுதும் பேருந்து உண்டு.

இதெல்லாம் ஒருநாள் வேடிக்கைக்கு மட்டும் சொல்லவில்லை, கண்ணு. இணையத்தில் பணம் வைத்து ஆடும் ரம்மிக்குத் தமிழ்நாட்டு அரசு 2025இல் கொண்டுவந்த விதிகளை நினைத்துப் பார். நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது. தொடர்ந்து ஆடினால் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று திரை எச்சரிக்கவேண்டும். அதாவது, காசினோ கழற்றி வைத்த கடிகாரத்தைச் சட்டம் திரும்ப மாட்டிவிட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட்டும் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதிகளைச் செல்லும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசு இணையப் பண விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் ஒன்றைத் தடுத்தால் வேறு பெயரில் இன்னொன்று வரும். எது வந்தாலும் உள்ளே நுழையும்போதே வெளியேறும் மணியைக் குறித்துக்கொள். குறிக்க விடாத இடமாக இருந்தால் நுழையாதே.

எந்தக் கப்பலில் திரும்புகிறாய் என்று அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடு. அவரும் நிம்மதியாகத் தூங்கட்டும்.

அன்புடன்,
அத்தை