கண்கொத்திப் பாம்பு கண்ணைக் கொத்துமா?

ஒருவரை இமைக்காமல் கவனிப்பவரைப் பற்றி, "கண்கொத்திப் பாம்பாய்ப் பார்க்கிறார்" என்று சொல்கிறோம். அந்தப் பெயருக்குரியது பச்சைப்பாம்பு. அது கண்ணைக் கொத்திவிடும் என்று அஞ்சி, கண்டவுடன் கம்பை எடுப்போர் பலர். இந்த அச்சம் சரிதானா என்று ஆராய்வோம்.

மார்த்தாண்டவர்மர் காலத்தில் டச்சுத் தளபதி டிலனாய் வலுப்படுத்திய வட்டக்கோட்டை, குமரிக் கடலோரம் நிற்கிறது. நம் மாவட்டத்துச் சமவெளியிலுள்ள தோப்புகள், வேலிகள், புதர்கள் போன்றவையே பச்சைப்பாம்பின் வாழிடம். கயிறுபோல் மெலிந்த பச்சை உடலும் கூரிய மூக்கும் உடையது; இலைகளுக்கிடையே கொடிபோல் அசையாமல் கிடக்கும். பகலில் பல்லி, ஓணான், தவளை முதலியவற்றை இரையாகக் கொள்ளும். முட்டையிடாமல் குட்டி போடும்.

இதன் கண்மணி கிடைமட்டமாக நீண்டிருக்கும். கண்ணிலிருந்து மூக்குவரை ஒரு பள்ளம் செல்கிறது. அதனால் இரு கண்களாலும் நேர்முன்னே நோக்கி, இரையின் தூரத்தைச் சரியாக மதிப்பிடுகிறது. ஆகவே கண்ணால் கூர்ந்து பார்ப்பது உண்மை. கண்ணைத் தேடிக் கொத்துவது கட்டுக்கதை. முக உயரத்துக் கிளைகளில் கிடப்பதாலும், சீண்டினால் வாயைத் திறந்து பாய்வதாலும் இக்கதை பிறந்திருக்கலாம். இலங்கையில் இதன் சிங்களப் பெயரான 'அஹேதுல்லா' என்பதற்கும் கண்ணைக் கொத்துவது என்றே பொருள். அப்பெயரையே விஞ்ஞானிகள் இதன் பேரினத்திற்குச் சூட்டினர். இலங்கைப் பாம்பும் நம் சமவெளிப் பாம்பும் வெவ்வேறு இனங்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதற்கு விஷம் உண்டு, ஆனால் மிதமானது. விஷப்பற்கள் வாயின் பின்புறம் உள்ளன. கடித்தால் மனிதருக்குப் பெரும்பாலும் வலியும் வீக்கமும் உண்டாகிச் சில நாட்களில் தணியும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் போல் உயிருக்கு ஆபத்தானதன்று.

ஆயினும் இதைப் பிடித்து விளையாடுவது அறிவீனம். மலைக்காடுகளில் வாழும் மூங்கில்விரியனும் பச்சை நிறமே. எந்தப் பாம்பு கடித்தாலும், கீறாமல், இறுகக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தோழியரே, ஒரு பொய்க்கதைக்காக இறைவனின் படைப்பொன்று உயிரிழக்கலாமா? பச்சைப்பாம்பைக் கண்டால் நான்கடி விலகி நிற்போம். தம்பி தங்கையரையும் விலக்குவோம். அது தன் வழியே போய்விடும்.