வாகனம் வாங்கும் முன்: பெரிய வண்டியா, சிக்கன வண்டியா?



வளைகுடாவிலிருந்து பிள்ளை விடுமுறையில் வரும்போது பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, சிதம்பரம், கடலூர் என நம் மஹல்லாக்களில் பல வீடுகளில் எழும் பேச்சு இது: "வாங்குறதே வாங்குறோம், ஏழு பேர் உட்கார்ற வண்டியா வாங்கிட்டா என்ன?"

பெரிய வண்டி ஆகாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. வசதியான வாகனம் அமைவதை மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள் (இப்னு ஹிப்பான்). குதிரைகளைப் பற்றிய இன்னொரு நபிமொழி புகாரியில் உண்டு. அதன் கருத்து: குதிரை ஒருவருக்கு நற்கூலி, ஒருவருக்கு மறைப்பு, ஒருவருக்குப் பாவச்சுமை. பிறரிடம் கையேந்தாமல் வாழ்வதற்காக வைத்துக்கொண்டு, அதில் அல்லாஹ்வின் உரிமையை மறக்காதவருக்கு அது மறைப்பு. பெருமைக்கும் பிறர் பார்வைக்கும் கட்டிவைத்தவருக்கு அது சுமை. இன்று வாசலில் நிற்கும் வண்டிக்கும் இதே கேள்விதான்.

ஷோரூமுக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து நாட்களை எண்ணிப் பார்ப்போம். வருடத்தில் எத்தனை நாள் ஏழு பேரும் சேர்ந்து போகிறோம்? இரண்டு பெருநாள், ஓரிரு நிக்காஹ், சென்னை அல்லது திருச்சி விமான நிலையம், எதிர்பாராமல் ஒரு ஜனாஸா. பத்துப் பதினைந்து நாள் தேறினால் அதிகம். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம், கடைவீதி, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓட்டம். வண்டியில் ஒருவரோ இருவரோதான். இன்னோவா போன்ற வண்டி ஏறத்தாழ ஒன்றே முக்கால் டன் எடை. காலி இருக்கைகளோடு அத்தனை எடையையும் லாரன்ஸ் ரோடு நெரிசலில் நகர்த்துவதற்கும் எரிபொருள் செலவாகிறது.

கணக்குப் போடுவதில் பலரும் தடுமாறுகிறார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதை விட, 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் தெளிவாகிவிடும். 10 தரும் வண்டிக்கு 100 லிட்டர். 20 தரும் வண்டிக்கு 50 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வட்டமாக வைத்தால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வீட்டில் வித்தியாசம் 5,000 ரூபாய், வருடத்துக்கு 60,000. பத்துப் பதினைந்து நாள் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்தாலும் இதில் பெரும்பகுதி அடங்கிவிடும். அதே சமயம் 20 தரும் வண்டியை விற்று 25 தருவதை வாங்கினால் மிச்சம் மாதம் 10 லிட்டர்தான். அதற்காகப் புது வண்டி தேவையில்லை.

வரியும் சேர்கிறது. 22 செப்டம்பர் 2025 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பெரியவற்றுக்கு 40. அதற்கு மேல் தமிழக அரசின் ஆயுள் வரி: 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். எட்டு லட்சம் வண்டிக்கு ஆயுள் வரி ஏறத்தாழ ஒரு லட்சம்; 22 லட்சம் வண்டிக்கு 4,40,000. கையில் எட்டு லட்சம் இருக்க, மீதிக்கு வங்கியில் வட்டிக் கடன் எழுதிப் பெரிய வண்டி எடுப்பதை எந்த விதத்திலும் நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆறேழு பேர் ஒரே வீட்டில் வாழ்ந்து, வாரந்தோறும் ஒன்றாகப் பயணம் போகும் குடும்பத்துக்குச் சின்ன வண்டி இரண்டு நடை, அதுதான் விரயம். முழங்கால் வலியுள்ள உம்மாவுக்கு உயரமான இருக்கையில் ஏறி இறங்குவது எளிது. இப்படிப்பட்ட வீட்டார் எர்டிகா போன்ற எடை குறைந்த ஏழு இருக்கை வண்டிகளை முதலில் பார்க்கலாம். ட்ரைபர் நான்கு மீட்டருக்குள் ஏழு இருக்கை, வரி குறைவு. ஆனால் ஏழு பேரும் ஏறினால் விமான நிலையப் பெட்டிகளுக்கு இடமிருக்காது. இன்றைக்கு எஸ்யூவி என்று விற்கப்படும் சின்ன வண்டிகள் பலவற்றில் உயரம்தான் கூடுதல், இருக்கை அதே ஐந்து. தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள் டீசலைத் தவிர்ப்பது நல்லது. பிஎஸ்-6 டீசல் வண்டியின் புகை வடிகட்டி குறுகிய ஓட்டத்தில் போதிய சூடேறாமல் அடைத்துக்கொள்ளும்.

நம் மாவட்டத்தில் எல்லாரும் சொல்லும் காரணம் வெள்ளம். 2015-இலும், 2024-இல் ஃபெஞ்சல் புயலிலும் பார்த்துவிட்டோம் அல்லவா! தேங்கிய மழைநீரில் உயரமான வண்டி கொஞ்சம் உதவும்தான். ஆனால் ஓடும் வெள்ளம் இரண்டடி இருந்தால் பெரிய எஸ்யூவியையும் தூக்கிப் போய்விடும். பெண்ணையாறோ கெடிலமோ சாலைக்கு ஏறிவிட்டால் எந்த வண்டியிலும் இறங்கக் கூடாது. உயரத்தை நம்பி இறங்கினால் குடும்பத்தோடு போகும் ஆபத்து உண்டு.

ஏற்கெனவே பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தம்மிடம் கூடுதல் வாகனம் இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுத்து உதவட்டும் என்று ஒரு பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக முஸ்லிம் நூலில் வருகிறது. நடுஇரவில் ஜிப்மருக்கோ அண்ணாமலை நகர் மருத்துவமனைக்கோ போக வேண்டிய நோயாளி நம் தெருவிலேயே இருப்பார். உங்கள் எண்ணை ஜமாஅத்தில் கொடுத்து வையுங்கள். பணம் மட்டும் வாங்கக் கூடாது. வெள்ளை நம்பர் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. அப்போது விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. இரவல் கொடுக்கும் முன் ஓட்டுபவரின் லைசென்ஸையும் இன்சூரன்ஸ் முடியும் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.