பாஸ் மீனுக்கு எந்த இரை? ஆழத்திலிருந்து தொடங்குவோம்

அமெரிக்காவில் மீன்பிடிச் சாமான் விற்கும் பெரிய கடை எதற்குள் நுழைந்தாலும் பாஸ் மீனுக்கென்றே ஒரு சுவர் முழுக்கப் பொட்டலங்கள் தொங்கும். பிளாஸ்டிக் புழு, தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட், முகத்தில் நாக்கு நீட்டிய கிராங்க்பெய்ட், ரப்பர் தவளை, ஈயத்தலை ஜிக் என்று வகைகள் போகும். ஒவ்வொரு வகையிலும் பத்து இருபது நிறங்கள். அதன் முன்னால் நிற்கும் புதியவர் கேட்பது, "இதில் எதை மீன் விரும்பிக் கடிக்கும்?" என்பதுதான். இந்த மீனைத் தேடித் திரிந்ததில் எனக்கு உறுதிப்பட்டது என்னவென்றால், அந்தக் கேள்வியே ஆளைத் திசைமாற்றி விடுகிறது. மீன் இப்போது எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது, எதை ஒண்டி நிற்கிறது, எவ்வளவு வேகமாகப் போகும் இரையைத் துரத்த அதன் உடம்பு இடம் கொடுக்கும் என்ற மூன்றையும்தான் முதலில் கேட்க வேண்டும். இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் சுவரில் தொங்குவதில் முக்கால்வாசி தானாகவே விலகிவிடும். மிஞ்சியதில் எந்த நிறம், எந்தக் கம்பெனி என்பது கடைசியாகப் பார்க்க வேண்டியது.

இப்படிச் சொல்ல மீனின் இயல்பே காரணம். பெருவாய் பாஸ் ஒரு குறிப்பிட்ட உணவைத் தேடி அலையும் மீன் இல்லை. பாசி ஓரத்திலோ மூழ்கிய மரத்தின் நிழலிலோ பதுங்கி நின்று, வாய்க்குள் அடங்கும் எதுவும் பக்கத்தில் வந்தால் வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். ஷாட் என்ற சிறு வெள்ளி மீன், புளூகில் மீன், நன்னீர் இறால் நண்டு, தவளை, சில சமயம் தண்ணீரில் விழுந்த எலிகூட அதற்கு உணவுதான். இவ்வளவு பரந்த வாயுள்ள உயிரிடம் தனிச் சுவையைத் தேடுவதில் பயன் குறைவு. ஆனால் அதன் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்கும். நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகி, வேகமாக ஓடும் எதையும் அது துரத்துவதில்லை. 15 டிகிரியைத் தாண்டும் வசந்தத்தில் கரையோர ஆழமற்ற நீருக்கு வந்து முட்டையிடத் தொடங்கும். அப்போது கூட்டைக் காக்கும் ஆண் மீன் பசியால் கடிப்பதில்லை. கூட்டருகே வந்ததை விரட்டத்தான் கடிக்கிறது. அந்த ஆணைத் தூக்கிக்கொண்டு போனால் புளூகில் கூட்டம் சில நிமிடங்களில் முட்டைகளைத் தின்றுவிடும். கூட்டின் மேல் நிற்கும் மீனை விட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். பிடித்துவிட்டால் அதே இடத்தில் உடனே விட்டுவிட வேண்டும்.

ஆழத்தை முதலில் வைப்பதற்குக் கோடைக்காலத்தைவிட நல்ல சான்று இல்லை. வெயில் ஏற ஏற மீன் ஆழத்துக்குப் போய்விடும் என்பது பலரும் சொல்வது. அது பாதி உண்மைதான். அமெரிக்கத் தென் மாநிலங்களின் அணைக்கட்டு ஏரிகள் பலவற்றில் கோடையில் நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே சூடான, காற்றோட்டமுள்ள அடுக்கு. கீழே குளிர்ந்த, கலங்காத அடுக்கு. கீழ் அடுக்கில் அழுகும் பொருள்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் மாதக்கணக்கில் அங்கே மீன் உயிர்வாழ முடியாது. அப்படி ஓர் ஏரியில் இரண்டு அடுக்கும் சேரும் கோடு 20 அடியில் இருந்தால், 30 அடியில் எவ்வளவு அழகான இரையை இழுத்தாலும் அதைப் பார்க்க அங்கே கண்களே இல்லை. கோட்டுக்குச் சற்று மேலே, பழைய ஆற்றுப் பாதையின் விளிம்பிலோ மேடான திட்டிலோதான் மீன் கூடி நிற்கும். அந்த ஆழத்துக்கு இறங்கி அங்கேயே தங்கும் கருவியைத்தான் தேட வேண்டும். கிராங்க்பெய்ட்டின் நாக்கைப் பாருங்கள். நாக்கு நீளமாக, உடம்போடு ஏறக்குறைய ஒரே நேராக நீட்டியிருந்தால் ஆழமாக மூழ்கும். குட்டையாகச் செங்குத்தாக இருந்தால் மேலேயே ஓடும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அடிக்கணக்கு தூரமாக வீசியவருக்கும் மெல்லிய தூண்டில் நரம்பு போட்டவருக்கும்தான் பொருந்தும். தடித்த நரம்பு நீரில் உராய்ந்து இரையை மேலே தூக்கும். இரை தரையைத் தொட்டுப் புழுதி கிளப்பும் அளவுக்கு இறங்கவில்லை என்றால், இரையை மாற்றும் முன் நரம்பை மெல்லியதாக்கிப் பாருங்கள்.

நரம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரைக்குக் கொடுக்கும் கவனத்தில் கால்வாசிகூட யாரும் அதற்குக் கொடுப்பதில்லை. ஃபுளூரோகார்பன் நரம்பு நீரில் மூழ்கும், நீருக்குள் கண்ணுக்கு எளிதில் படாது. அதனால் தரையோடு இழுக்கும் ஜிக்குக்கும் ஆழத்தில் ஓடும் கிராங்க்பெய்ட்டுக்கும் ஏற்றது. அதையே நீர்ப்பரப்பில் மிதந்து தத்தும் இரைக்குக் கட்டினால் நரம்பு மூழ்கி இரையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். அங்கே நைலானோ பின்னல் நரம்போ வேண்டும். பின்னல் நரம்பு மிதக்கும், நீளாது, பாசித் தண்டை அறுக்கும். பாசிக்குள் மீன் மாட்டினால் வெளியே கொண்டுவர அதைவிட நல்லது இல்லை. தெளிந்த நீரில் அது பளிச்சென்று தெரியும் என்பதுதான் அதன் குறை.

அடுத்தது மறைவு. வேலம்பாசி என்று நாம் சொல்லும் ஹைட்ரில்லா, 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து மீன்தொட்டி வணிகம் வழியாகப் புளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று தென் மாநில ஏரிகளில் அது பாய் விரித்ததுபோல் மேலே படர்ந்து கிடக்கிறது. ஏரி மேலாளர்களுக்குத் தலைவலி. பாஸ் மீனுக்கோ நிழலும் மறைவும். அந்தப் பாயின் மேல் முக்கொக்கி தொங்கும் எந்த இரையையும் போட முடியாது, ஒவ்வொரு வீச்சிலும் ஒரு பிடி பாசிதான் வரும். உள்ளே பொள்ளலான ரப்பர் தவளையின் இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டி இருப்பதால் அது வழுக்கிக்கொண்டு வரும்; மீன் கவ்வும்போது உடம்பு அமுங்கி முள் வெளிப்படும். தமிழ்நாட்டில் விராலுக்குத் தவளை போடுகிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1949இல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் வார்த்த பிளாஸ்டிக் புழுவின் கதையும் இதையே காட்டுகிறது. புழு நல்ல இரைதான். ஆனால் முள்ளின் முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்து, முன்னால் தோட்டா வடிவ ஈயத்தைக் கோத்த டெக்சஸ் ரிக் வந்த பிறகுதான் அது போக முடியாத இடம் இல்லை என்றானது. 1960களில் டெக்சஸ் பக்கம் நிரம்பிய சாம் ரேபர்ன், டொலிடோ பெண்ட் போன்ற ஏரிகளில் காடே தண்ணீருக்குள் நின்றது. அந்தக் கிளைகளுக்குள் நுழைந்து வெளியே வரக்கூடியதாக இருந்ததுதான் அந்த ரிக்கின் பலம். புழுவின் உருவம் மீனுக்கு எதை நினைவூட்டியது என்பது அதற்குப் பிறகுதான்.

வேகத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஸ்பின்னர்பெய்ட்டில் வட்டமான கொலராடோ தகடு நீரை அதிகம் தள்ளி இரையைத் தூக்கிக் கொடுப்பதால் மெதுவாக இழுத்தாலும் தரையில் விழாது, அதிர்வும் பலமாக இருக்கும். குளிர்ந்த நீருக்கும் கலங்கிய நீருக்கும் அது சரி. நீண்ட வில்லோ இலைத் தகடு வேகமாக இழுக்கவும் பாசியை ஒட்டி ஓட்டவும் உதவும். கடுங்குளிரில் மூழ்காமலும் மிதக்காமலும் நடுநீரில் அப்படியே நிற்கும் ஜெர்க்பெய்ட்டை இழுத்துவிட்டுப் பத்து எண்ணும்வரை சும்மா விடுங்கள். கை துறுதுறுக்கும், ஆனாலும் விடுங்கள். அந்த நிறுத்தத்தில்தான் மீன் கவ்வும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது நிறம். மீன் நிறம் பார்க்கிறதே, பிறகு நிறத்தை எப்படிக் கடைசியில் தள்ளலாம் என்று கேட்பார்கள். பார்ப்பது உண்மைதான். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பெருவாய் பாஸ் மீன்கள் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிந்தன. ஆனால் பளீர் மஞ்சள்பச்சையையும் வெள்ளையையும், கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறியத் திணறின. கடைச் சுவரில் தனித்தனி விலைச்சீட்டோடு தொங்கும் நிறங்களில் பல மீனின் கண்ணுக்கு ஒன்றுதான் என்பதே இதன் பொருள். அதோடு ஆழம் போகப்போக வெளிச்சமே மாறுகிறது. தெளிந்த நீரில் சிவப்பு முதலில் மங்கும். இலைச்சாறு இறங்கிப் பழுப்பேறிய நீரில் நீலம் முதலில் மங்கும். கையில் வைத்துப் பார்க்கும் நிறம் 15 அடியில் இருக்காது. தெளிந்த நீருக்கு ஒளி ஊடுருவும் பச்சை கலந்த பழுப்பு, கலங்கிய நீருக்குக் கறுப்பும் கருநீலமும் சேர்ந்தது, ஷாட் மீன் திரளும் இடத்துக்கு வெள்ளை. இந்த மூன்றுக்கு மேல் வாங்கத் தேவையில்லை என்பது என் முடிவு.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. புது இரை ஒன்று வந்து எல்லாரையும் புரட்டிப்போட்ட சம்பவங்கள் உண்டே என்பார்கள். உண்மைதான். 2011 அக்டோபரில் அலபாமாவின் கண்டர்ஸ்வில் ஏரிப் போட்டியில் பால் இலையாஸ், ஐந்து கம்பிகளில் ஐந்து சிறு இரைகள் தொங்கும் அலபாமா ரிக்கை வைத்து வென்றார். சில வாரங்களுக்குள் நாடு முழுக்க அதற்குத் தட்டுப்பாடு வந்தது. பாஸ் மீன்பிடிப்போர் சங்கம் (B.A.S.S.) தன் முதன்மைப் போட்டிகளில் அதைத் தடை செய்தது. ஆனால் அது ஏன் வென்றது? ஷாட் திரளைப் பின்தொடர்ந்து, தரையிலும் இல்லாமல் மேலேயும் இல்லாமல் நடுநீரில் தொங்கும் மீன்களை நெருங்க அதுவரை நல்ல வழி குறைவு. அந்த ஆழத்தில் ஒரு சிறு திரளையே ஓட்டிக் காட்டக்கூடியதாக இது அமைந்தது. கீழே ஈயமும் மேலே முள்ளும் கட்டும் டிராப்ஷாட்டும் அப்படித்தான்: ஜப்பானின் தெளிந்த ஏரிகளில் அது பரவியதற்குக் காரணம், தரைக்கு ஓர் அடி மேலே இரையை அசையாமல் நிறுத்தி வைக்க முடிந்ததுதான். புதுமை என்று நாம் வியப்பது பெரும்பாலும் அதுவரை எட்டாத ஆழம் ஒன்றை எட்டியதே. போட்டியாளர்கள் படகில் பதினைந்து தூண்டில்களை அடுக்கி வைப்பதும் இதற்கு எதிரான சான்று இல்லை. ஓர் அடி ஆழத்திலிருந்து முப்பதடிவரை ஒரே நாளில் தேட வேண்டியவருக்கு ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு தூண்டில் தயாராக வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதை நான் முழுதாக மறுக்க மாட்டேன். அடிக்கடி பிடிபடும் மீன் இரையை அறிந்துகொண்டு விலகும் என்பது அது. இல்லினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் 1970களில் தொடங்கி நான்கு ஆண்டுகள், பிடித்த ஒவ்வொரு மீனையும் அடையாளமிட்டு விட்டார்கள். பிறகு ஏரியை வடித்துப் பார்த்தபோது கிடைத்த 1,700க்கு மேற்பட்ட மீன்களில் ஏறத்தாழ 200 ஒருமுறைகூடப் பிடிபடாதவை. வேறு சில திரும்பத்திரும்பப் பிடிபட்டவை. டேவிட் ஃபிலிப் குழு 2009இல் வெளியிட்ட முடிவின்படி எளிதில் பிடிபடும், பிடிபடாத இந்தக் குணம் தலைமுறைக்கும் இறங்குகிறது. ஆகவே கூட்டம் மொய்க்கும் ஏரியில் சரியான ஆழத்தில் போட்டும் கடிக்காத மீன் உண்டு. அங்கே இரையைச் சிறியதாக்குவதும், நரம்பை மெல்லியதாக்குவதும், சத்தம் போடாத புழுவுக்கு மாறுவதும் பலன் தரும். ஆனால் மாற்றத்தை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். முதலில் ஆழம், பிறகு வேகம், பிறகு அளவு, எல்லாவற்றுக்கும் பின் நிறம். நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றி ஒரு மீன் விழுந்தால், எதனால் விழுந்தது என்று ஒருநாளும் தெரியாது.

புதிதாகத் தொடங்குகிறவர் மாநில உரிமம் எடுத்த கையோடு வாங்க வேண்டியவை குறைவு. டெக்சஸ் ரிக்குக்கு ஒரு பொட்டலம் புழுவும் இரண்டு எடையில் ஈயமும், கால் அவுன்ஸிலும் அரை அவுன்ஸிலும் ஜிக், மேலே ஓடுவது ஒன்றும் 10 அடிக்கு இறங்குவது ஒன்றுமாக இரண்டு கிராங்க்பெய்ட், ஒரு ஸ்பின்னர்பெய்ட், பாசி இருந்தால் ஒரு தவளை. இவற்றோடு நீரின் வெப்பம் பார்க்க ஒரு வெப்பமானியும், மாநில மீன்வளத் துறை வெளியிட்டிருந்தால் அந்த ஏரியின் ஆழ வரைபடமும். ஏரிக்கு ஏரி தாவாமல் ஒரே ஏரியில் நான்கு பருவமும் போடுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஆழத்தையும் வெப்பத்தையும் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பேடு ஒரு வருடம் நிரம்பும்வரை அடுத்த இரையை வாங்க வேண்டாம்.